பதறாத காரியம் சிதறாது: பக்றீரியா தரும் இன்சுலினும் விகாரத்தின் பயனும்

நீரிழிவு நோயாளர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது எமது சமூகங்களில் அரிதாகி வருகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளின் நீரிழிவு சிகிச்சை நிலையங்களில் காலை வேளைகளில் நீளும் வரிசைகளே இதற்குச் சான்றாகும். மாத்திரைகளினால் குருதியிலுள்ள சீனியின் அளவைக் கட்டுப்படுத்த முடியாத கட்டத்தில் வைத்தியர்கள் இன்சுலின் ஊசியைப் பரிந்துரைக்கின்றனர். ஆயினும் அவ்வாறு பரிந்துரைக்கப்பட்டவர்களுள் ஒரு சாரார் அதனை ஏற்கத் தயங்குகின்றனர். ஊசி பற்றிய அச்சம் ஒருபுறமிருக்க, இம்மருந்து பன்றியிலிருந்து எடுக்கப்படுகின்றது என்ற பழைய எண்ணமும், கிருமிகளின் பரம்பரையலகுகளை மாற்றித் தயாரிக்கப்படுவதால் அது உடலுக்குக் கேடு விளைவிக்கும் என்ற புதிய ஐயமும் இத்தயக்கத்திற்குக் காரணங்களாக உள்ளன. இன்சுலினைத் தள்ளிப்போடுவதால் கண்பார்வையையும் சிறுநீரகங்களையும் கால்களையும் இழக்க நேரிடலாம் என்பதை நோக்குமிடத்து, இவ்வையங்களைத் தெளிவுபடுத்துவது அவசியமாகின்றது. எனவே, பக்றீரியாக்கள் மனிதப் புரதங்களை எவ்வாறு உற்பத்தி செய்கின்றன, அவ்வுற்பத்தியைப் பெருக்குவதில் விகாரங்கள் வகிக்கும் பங்கு யாது என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

பன்றி பற்றிய எண்ணம் அடியோடு ஆதாரமற்றதன்று. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பன்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற் ஆகியோர் நாயின் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது ஏற்றப்பட்டது. அன்றுதொட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக உலகின் இன்சுலின் தேவை இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாடுகளினதும் பன்றிகளினதும் சதையிகளைக் கொண்டே நிறைவு செய்யப்பட்டது. எட்டு அவுன்ஸ் தூய இன்சுலினைப் பெறுவதற்கு இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன என்று கணக்கிடப்பட்டுள்ளது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தினாலும் மாட்டின் இன்சுலின் மூன்று அமினோ அமிலங்களினாலும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டினாலும் மருந்தில் எஞ்சியிருந்த மாசுகளினாலும் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று வழி இல்லாத நிர்ப்பந்த நிலையைக் கருத்திற் கொண்டு இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் பலர் அதன் பாவனையை அனுமதித்தனர் எனினும், முஸ்லிம் நோயாளர் பலரின் மனதில் அது ஓர் உறுத்தலாகவே இருந்து வந்தது. மாட்டிலிருந்து பெறப்பட்ட இன்சுலின் தொடர்பில் இந்து சமயத்தவர் சிலருக்கும் இதையொத்த சங்கடம் இருந்ததை மறுப்பதற்கில்லை.

இந்நிலையை மாற்றியமைத்தது மீளச்சேர்க்கை டி.என்.ஏ தொழில்நுட்பமாகும். ஓர் உயிரினத்தின் பரம்பரையலகை வெட்டியெடுத்து மற்றோர் உயிரினத்தில் இணைக்க முடியும் என்பதை 1973 இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்டான்லி கோஹெனும் ஹேர்பட் போயரும் நிரூபித்தனர். 1978 இல் ஜெனென்டெக் நிறுவனத்தினதும் கலிபோர்னியாவின் சிற்றி ஒஃப் ஹோப் ஆய்வு நிலையத்தினதும் ஆய்வாளர்கள், மனித இன்சுலினுக்கான பரம்பரையலகை இரசாயன முறையில் தொகுத்து ஈ.கோலை என்னும் பக்றீரியாவினுள் செலுத்தி, அதனைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்குவித்தனர். 1982 இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு அங்கீகாரம் வழங்கியது. மீளச்சேர்க்கைத் தொழில்நுட்பத்தினால் தயாரிக்கப்பட்டு மனிதப் பாவனைக்கு அனுமதிக்கப்பட்ட முதலாவது மருந்து இதுவேயாகும். இன்று உலகில் பயன்படுத்தப்படும் இன்சுலினில் மிகப் பெரும்பகுதி ஈ.கோலை பக்றீரியாவிலோ மதுவங்களிலோ தயாரிக்கப்படுவதாகும். அதன் பரம்பரையலகு மனிதனுக்குரியது. அதனைத் தயாரிக்கும் 'தொழிலாளி' கண்ணுக்குப் புலப்படாத ஒரு கலமாகும்.

இத்தொழிலாளியின் இயல்பை அறிந்து கொண்டாலே விகாரம் ஏன் தேவைப்படுகின்றது என்பது விளங்கும். ஈ.கோலை எமது குடலில் இயற்கையாகவே வாழும் ஓர் உயிரி. போதிய உணவும் இதமான வெப்பமும் கிடைத்தால் சுமார் இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிந்து பெருகக்கூடியது. ஆயினும் அது பிறருக்காக மருந்து தயாரிக்கப் பிறந்த உயிரி அன்று. தனக்குப் பயனற்ற ஓர் அந்நியப் புரதத்தைப் பெருமளவில் ஆக்குமாறு பணிக்கப்படும்போது அது பல வழிகளில் தடுமாறுகின்றது. ஆக்கிய புரதத்தைத் தனது நொதியங்களினாலேயே சிதைத்துவிடுகின்றது. அல்லது புரதம் உரிய வடிவில் மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கரையாத கட்டிகளாகத் திரண்டுவிடுகின்றது. அல்லது சுமை தாங்காமல் கலமே இறந்துவிடுகின்றது. ஆய்வுகூடத்தில் ஒரு புரதத்தை ஆக்கிக் காட்டுவது வேறு. கோடிக்கணக்கான நோயாளருக்குப் போதுமான அளவில், கட்டுப்படியான செலவில் அதனை ஆக்குவது வேறு.

விகாரம் என்ற சொல் பேச்சுவழக்கில் அருவருப்பான தோற்றத்தைக் குறிப்பதால் அதனைக் கேட்டவுடனேயே பலர் முகம் சுளிப்பதுண்டு. உயிரியலில் அதன் பொருள் எளிமையானது. டி.என்.ஏ என்பது நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட கட்டளை ஏடு எனக் கொண்டால், அதில் ஓர் எழுத்து மாறுவதோ விடுபடுவதோ கூடுவதோ விகாரமாகும். கலங்கள் பிரியுந்தோறும் இயற்கையாகவே இது நிகழ்கின்றது. பெரும்பாலான விகாரங்களால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. சில தீங்கானவை. மிகச் சில மட்டும் குறிப்பிட்டதொரு சூழலில் பயனளிப்பவை. அப்பயனுள்ள சிலவற்றைத் தேடிப் பிடிப்பதும், தேவையானவற்றைத் திட்டமிட்டு ஏற்படுத்துவதும் இத்துறை விஞ்ஞானிகளின் பணியாகும்.

முதலில் புரதம் சிதைக்கப்படும் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களில் புரத உற்பத்திக்கு மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் ஈ.கோலை வகை பி.எல்.21 என அழைக்கப்படுகின்றது. அந்நியப் புரதங்களை வெட்டிச் சிதைக்கும் லொன், ஓம்ப்-ரி என்ற இரு நொதியங்கள் இதில் இல்லை. வீட்டுக்கு வந்த பொருளை உடைத்தெறியும் கைகள் குறைந்தமையால் பொருள் தப்பிப் பிழைக்கின்றது. கட்டளைப் பிரதியைப் பாதுகாப்பதிலும் இதே உத்தி கையாளப்படுகின்றது. டி.என்.ஏயிலுள்ள கட்டளை முதலில் ஆர்.என்.ஏ என்ற பிரதியாக எழுதப்பட்டு, அதன்பின்னரே புரதமாக மொழிபெயர்க்கப்படுகின்றது. இப்பிரதியைக் கலம் சில நிமிடங்களில் அழித்துவிடுவது வழமை. அழிக்கும் நொதியத்தின் ஒரு பகுதியைக் குறைத்துவிடும் விகாரம் புகுத்தப்பட்ட வகைகளில் பிரதி கூடுதல் நேரம் நிலைத்திருப்பதால், அதிலிருந்து அதிக புரதத்தைப் பெற முடிகின்றது.

புரதம் மடியும் விதம் இதனினும் சிக்கலானது. இன்சுலின் 51 அமினோ அமிலங்களைக் கொண்ட, இரு சங்கிலிகளாலான சிறிய புரதம். அதன் வடிவத்தைக் காப்பவை கந்தக அணுக்களுக்கிடையிலான மூன்று பிணைப்புகளாகும். ஈ.கோலையின் உட்சூழல் இத்தகைய பிணைப்புகள் உருவாவதற்குச் சாதகமானதன்று. அவற்றை உடைக்கும் இரு இரசாயன வழிகள் அங்கு இயங்குகின்றன. இதனால் இன்சுலின் கரையாத கட்டிகளாகவே பெறப்பட்டு, பின்னர் தொழிற்சாலையில் கரைக்கப்பட்டு, உரிய வடிவில் மீள மடிக்கப்படுகின்றது. வேறு பல புரதங்களுக்கு இவ்வழி கைகொடுப்பதில்லை. ஆகவே அவ்விரு வழிகளையும் விகாரங்களினால் அடைத்துப் பார்த்தனர். விளைவாகக் கலம் மிகவும் நலிந்து, வளர்ச்சி குன்றியது. ஆனால், நலிந்த அக்கலங்களிடையே மூன்றாவதொரு விகாரம் தானாகவே தோன்றி, வளர்ச்சியை மீட்டுக் கொடுத்தது. கந்தகப் பிணைப்புகள் பலவற்றைக் கொண்ட புரதங்களையும் இத்தகைய கலங்களினுள் உரிய வடிவில் பெற முடியும் என்பது 1999 இல் எடுத்துக்காட்டப்பட்டது. இரு கதவுகளை மூடியது மனிதன். மூச்சுவிட ஒரு சாளரத்தைத் திறந்துகொண்டது பக்றீரியா எனலாம்.

இவையனைத்தினும் பெரும் படிப்பினையைத் தருவது கலம் இறந்துவிடும் பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வாகும். 1986 இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்ரடியரும் பார்பரா மொஃபட்டும், ரி-7 என்னும் வைரசின் ஒரு நொதியத்தை பக்றீரியாவில் புகுத்தி, புரத உற்பத்தியைப் பன்மடங்காக்கும் முறையொன்றை அறிமுகப்படுத்தினர். இந்நொதியம் பக்றீரியாவின் சொந்த நொதியத்தைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக ஆர்.என்.ஏ பிரதிகளை எழுதித் தள்ளுகின்றது. இந்நொதியத்தை இயக்கும் விசையும் சாதாரணமானதன்று. ஒரு விகாரத்தினால் இயல்பைவிட வலுவூட்டப்பட்டது. வேகமான எழுத்தர், வலுவான கட்டளை. இதனைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது என்றே எண்ணத் தோன்றும். பல புரதங்களுக்கு அவ்வாறே அமைந்தது. ஆனால், கலத்தின் மென்சவ்வில் அமரவேண்டிய புரதங்களை இவ்வாறு ஆக்க முற்பட்டபோது பக்றீரியாக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மென்சவ்வில் புரதங்களை இருத்தும் வாயில்கள் அளவானவை. வாயிலின் கொள்ளளவை மிஞ்சிச் சரக்கு குவிந்தால் போக்குவரத்து முழுவதும் ஸ்தம்பிப்பது இயல்பே.

1996 இல் கேம்பிரிட்ஜ் நகரில் புறூனோ மிரூ, ஜோன் வோக்கர் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். வோக்கர் மறு ஆண்டே, கலங்களில் சக்தியைத் தயாரிக்கும் நொதியம் பற்றிய ஆய்வுக்காக இரசாயனவியல் நொபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர். நஞ்சாகும் புரதத்தை ஆக்குமாறு பணிக்கப்பட்ட பி.எல்.21 வகைக் கலங்களில் பெரும்பாலானவை மடிந்தபோது, மடியாது எஞ்சிய ஒரு சிலவற்றின்மீது அவர்களின் கவனம் திரும்பியது. இவ்வாறு எஞ்சுபவற்றுள் பல, உற்பத்தியையே கைவிட்டமையால் பிழைத்தவையாக இருப்பதுண்டு. அவை பயனற்றவை. உயிரோடிருந்து உற்பத்தியையும் தொடர்ந்தவற்றைத் தேடிப் பிரித்தெடுத்தபோது கிடைத்தவையே சி-41, சி-43 எனப் பெயரிடப்பட்ட விகார வகைகளாகும். முன்னர் ஆக்கவே முடியாதிருந்த புரதங்கள் பலவற்றை இவை தாராளமாக ஆக்கின. அதனால் உலகெங்கும் இவற்றின் பாவனை பரவியது.

இவற்றில் மாறியிருப்பது எது என்பது பல ஆண்டுகளாக விளங்காதிருந்தது. 2008 இல் ஸ்ரொக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் அதனைக் கண்டறிந்தனர். ரி-7 நொதியத்தை இயக்கும் விசையிலேயே விகாரங்கள் நிகழ்ந்திருந்தன. வலுவூட்டப்பட்டிருந்த அவ்விசை மீண்டும் தளர்ந்திருந்தது. அதனால் கலத்தினுள் அந்நொதியத்தின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. அதாவது, கட்டளை பலவீனமடைந்தபோது விளைச்சல் பெருகியிருந்தது. கலம் தாங்கக்கூடிய வேகத்தில் வேலை கொடுக்கப்பட்டதனால் வாயில்கள் அடைபடவில்லை, கலங்கள் மடியவில்லை, மடியாத கலங்கள் நீண்ட நேரம் உழைத்தன. 'பதறாத காரியம் சிதறாது' என எமது முன்னோர் கூறியதற்கு இதைவிடச் சிறந்த விஞ்ஞானச் சான்று கிடைப்பது அரிது. இக்கண்டுபிடிப்பைத் தொடர்ந்து, விகாரத்துக்காகக் காத்திராமல், ரி-7 நொதியத்தின் செயற்பாட்டைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பக்றீரியா வகையும் உருவாக்கப்பட்டது.

இதுவரை நாம் நோக்கியவை தொழிலாளியில் ஏற்படும் விகாரங்களாகும். ஆக்கப்படும் பொருளிலேயே விகாரம் செய்வதும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது முக்கியமாகும். பல்திசுவன்மை நோய்க்கான மருந்தாகிய இன்டர்ஃபெரோன் பீற்றாவில் துணையற்று நிற்கும் ஒரு கந்தக அமினோ அமிலம் உண்டு. அது தவறான இடத்தில் பிணைந்து புரதத்தின் வடிவத்தைக் குலைத்தது. அந்த ஓர் அமினோ அமிலத்தை செரீன் என்ற மற்றொன்றாக மாற்றியதன் மூலம் அக்குறை நீக்கப்பட்டு, ஈ.கோலையில் தயாரிக்கப்பட்ட அம்மருந்து 1993 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்சுலினிலும் அவ்வாறே. லிஸ்புரோ என்ற வகையில் அடுத்தடுத்துள்ள இரு அமினோ அமிலங்கள் இடம் மாற்றப்பட்டுள்ளன. அதனால் அது விரைவாகக் குருதியில் கலக்கின்றது. கிளார்ஜின் என்ற வகையில் செய்யப்பட்ட சிறு மாற்றங்கள் அதனை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் மெதுவாகச் செயற்பட வைக்கின்றன. இவையிரண்டும் ஈ.கோலையிலேயே தயாரிக்கப்படுகின்றன. பொருளில் மாற்றம் செய்யப்படும்போது அது ஒரு புதிய மருந்தாகவே கருதப்பட்டு, நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அனுமதி பெறுகின்றது. தொழிலாளியில் மட்டும் மாற்றம் செய்யப்படும்போதோ கிடைக்கும் பொருள் முன்னையதற்கு ஒப்பானதே என்பதை உற்பத்தியாளர் நிரூபிக்க வேண்டும்.

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஐயங்களுக்கு வருவோம். பக்றீரியாவின் பரம்பரையலகு மாற்றப்பட்டமையால் நோயாளரின் பரம்பரையலகும் மாறிவிடுமா? மாறாது. ஊசியில் இருப்பது புரதம், பக்றீரியா அன்று. உற்பத்தி முடிந்ததும் கலங்கள் உடைக்கப்பட்டு, இன்சுலின் பல படிகளில் தூய்மையாக்கப்பட்டு, கலத்தின் எச்சங்கள் அகற்றப்பட்டமை பரிசோதிக்கப்படுகின்றது. புரதம் டி.என்.ஏயை மாற்றி எழுதுவதில்லை. தனது வேலையை முடித்ததும் உடலில் சிதைந்துவிடுகின்றது. அது பன்றியிலிருந்து பெறப்பட்டதா? மனித இன்சுலின் என்றும், லிஸ்புரோ, கிளார்ஜின் என்றும் குறிக்கப்பட்டவை பன்றியின் சதையியிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை அல்ல. மேலதிக விளக்கம் வேண்டுவோர் மருந்தின் பெயரை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேட்டறியலாம். ஐயத்தை மனதில் வைத்துக்கொண்டு மருந்தைத் தாமாகவே நிறுத்துவது மட்டும் கூடாது. இதே தொழில்நுட்பம் உணவுத் துறையிலும் இத்தகைய சங்கடத்தைக் குறைத்துள்ளது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. பாற்கட்டி தயாரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்த கைமோசின் என்னும் நொதியம் ஈ.கோலையில் ஆக்கப்பட்டு, 1990 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

எனினும், விஞ்ஞானம் பெற்ற வெற்றியின் பயன் அனைவரையும் சென்றடைந்துள்ளதா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. 1923 இல் இன்சுலினைக் கண்டறிந்தோர் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். உயிர் காக்கும் மருந்து வணிகப் பொருளாகிவிடக் கூடாது என்பதே அவர்களின் எண்ணமாக இருந்தது. ஆனால், இன்சுலின் தேவைப்படும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர் சுமார் ஆறரைக் கோடிப் பேரில் பாதிப் பேருக்கே அது கிடைக்கின்றது என உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் சுட்டிக்காட்டியது. உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் கைகளில் உள்ளது. பரம்பரையலகின் வரிசை இன்று எவருக்கும் இரகசியமானதன்று. நல்ல தொழிலாளிக் கலமும், அதனை வளர்க்கும் முறையும், பொருளைத் தூய்மையாக்கும் திறனும், தரத்தை நிரூபிக்கும் ஆற்றலும் எவரிடம் உண்டோ அவரிடமே மருந்தும் உண்டு. கலமொன்று தரும் விளைச்சல் கூடும்போது உற்பத்திச் செலவு குறைய வழி பிறக்கின்றது. புதிய உற்பத்தியாளர் சந்தையில் நுழைய முடிகின்றது. பெங்களூரைத் தளமாகக் கொண்ட பயோகொன் நிறுவனம் மதுவத்தில் தயாரிக்கும் கிளார்ஜின் இன்சுலின், 2021 இல் அமெரிக்காவில் மூல மருந்துக்குப் பதிலாக மருந்தகங்களில் வழங்கப்படலாம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. எமது அயல்நாடொன்றால் இது இயன்றுள்ளது.

எமது நாடு இன்சுலினுக்கு இறக்குமதியையே நம்பியுள்ளது. 2022 இல் வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது அத்தியாவசிய மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டையும், நோயாளர் பட்ட அவலத்தையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாளையே இன்சுலின் தொழிற்சாலை அமைக்கலாம் என்று நாம் கூற வரவில்லை. சிறிய சந்தையைக் கொண்ட ஒரு நாட்டுக்கு அது கட்டுப்படியாகாமலும் போகலாம். ஆனால், ஆய்வுகூடங்களுக்குத் தேவையான நொதியங்கள், நோயைக் கண்டறியும் பரிசோதனைப் பொருட்கள் என்பவற்றைப் பக்றீரியாக்களில் ஆக்குவதற்குப் பெரும் தொழிற்சாலைகள் தேவையில்லை. பயிற்றப்பட்ட கைகளும், தடையற்ற மின்சாரமும், தொடர்ச்சியான ஆய்வு நிதியுமே தேவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல் மற்றும் உயிர்த் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற நிறுவனங்கள் இங்கு உள்ளன. திறமை மிக்க மாணவர்கள் எல்லா மாவட்டங்களிலும் உள்ளனர். அவர்கள் கற்றபின் நாட்டைவிட்டு வெளியேறுவதைக் கண்டு கவலைப்படும் நாம், இங்கு தங்கிப் பணியாற்றுவதற்கான வசதிகளை ஏற்படுத்திக் கொடுத்துள்ளோமா என்பதையும் சிந்திக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் அனுபவம் இங்கும் பொருந்துகின்றது. மடிந்துபோன கலங்களிடையே பிழைத்திருந்த சிலவற்றைப் பொறுமையுடன் தேடியமையாலேயே அவர்களுக்கு வழி பிறந்தது. அவ்வழி ஏன் பயனளித்தது என்பது தெரியவர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. ஒரு வருடத்துக்கு நிதி ஒதுக்கி மறு வருடம் நிறுத்திவிடும் போக்கினால் இத்தகைய அறிவு கைகூடுவதில்லை. அவசரக் கட்டளைகளால் பக்றீரியாவிடமிருந்தே பயன்பெற முடியாதபோது, மனிதரிடமிருந்து எவ்வாறு பயன்பெற முடியும்? ஆய்வுத் துறைக்கு அளவான, ஆனால் இடையறாத ஆதரவை வழங்க ஆட்சியாளர்கள் முன்வர வேண்டும். அதேவேளை, வைத்தியர் பரிந்துரைக்கும் இன்சுலினை வீண் ஐயங்களினால் மறுத்து உடலைக் கெடுத்துக்கொள்ளாதிருப்பதும், அத்தகைய ஐயங்களுடன் தடுமாறும் உறவினருக்கும் அயலவருக்கும் உண்மையை எடுத்துரைப்பதும் எம் ஒவ்வொருவரினதும் கடமையாகும்.